பாம்பு பயத்தைக் கையாள்வது எப்படி? வீடும் தோட்டமும் உள்ளவர்களுக்குப் படிப்படியாக ஒரு வழிகாட்டி

பால் காய்ச்சிக் குடியேறிய பிறகுதான் பல பேருக்கு இந்தச் சிக்கல் தெரியவரும். நேற்று வரை வயலாகவோ ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலாகவோ இருந்த இடத்தில் மனை போட்டிருப்பார்கள். முதல் மழைக்குப் பக்கத்து மனைப் புதரிலிருந்து ஒரு சாரை ஓடும். அதோடு சரி, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொல்லைக் கதவு திறக்காது. துணி கொடியிலேயே நனையும். தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தாலும் நெஞ்சு படபடக்கும்.

செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கம் புதிதாகக் குடிபோன சொந்தக்காரர்கள், நண்பர்கள் வீடுகளில் இதை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: பினாயில் ஊற்றுவது, பூண்டை இடித்துத் தெளிப்பது, சிறியாநங்கை நட்டு வைப்பது. இதில் எதுவும் பாம்பை நிறுத்துவதில்லை. கார்பாலிக் அமிலம் தெளிப்பவர்களும் உண்டு. அது தோலைப் பொசுக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாம்பைவிடப் பெரிய ஆபத்து. பயம் குறைய வேண்டுமென்றால் வீட்டையும் சரிசெய்ய வேண்டும், மனதையும் பழக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைச் செய்தால் பாதியில் நிற்கும். இரண்டுக்குமான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: நல்ல டார்ச் ஒன்று, கணுக்கால் மூடும் பூட்ஸ், கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை, கொஞ்சம் சிமெண்ட், ஒரு நோட்டு.

படி 1: பயத்தை எழுதிப் பாருங்கள்

நோட்டில் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், உங்களுக்கு எது நடந்துவிடும் என்று பயம்? 'இரவில் படுக்கையில் ஏறிவிடும்', 'குழந்தையைக் கடித்துவிடும்', 'பாத்ரூம் ஓட்டை வழியாக வந்துவிடும்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். வலது பக்கம், பயத்தால் எதையெல்லாம் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்? மாடிப்படிக்குக் கீழே கை விடுவதில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை, அம்மா வீட்டுக்கு ஊருக்குப் போவதில்லை, இப்படி.

இடது பக்கத்தில் இருப்பதற்கெல்லாம் வீட்டு வேலையில் விடை இருக்கிறது. வலது பக்கத்தில் இருப்பதற்கு மனப்பயிற்சிதான் விடை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பயம் அர்த்தமில்லாதது இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. 'பாம்புக்கெல்லாமா பயப்படுவாய்' என்று கேலி செய்பவர் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். ஆனால் அந்தச் சாவுகள் எங்கே, எப்படி நடந்தன என்று பார்த்தால் பெரும்பாலும் கிராமங்கள், வயல்வேலை, தரையில் படுக்கை, வெறுங்கால் நடை, மருத்துவமனைக்குப் போக நேர்ந்த தாமதம். இவற்றில் பலதை உங்கள் வீட்டளவில் மாற்ற முடியும்.

படி 2: கடித்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

வழக்கமாக இதைக் கடைசியில் சொல்வார்கள். நான் முன்னால் வைப்பதற்குக் காரணம், எல்லாப் பயத்துக்கும் அடியில் கிடப்பது இந்தக் கேள்விதான். இதற்குப் பதில் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தால், மற்ற படிகள் சுலபமாகும்.

தாளில் முதலில் இருக்க வேண்டியது, உங்கள் வீட்டுக்கு அருகில் பாம்பு விஷமுறிவு மருந்து இரவு பகலாகக் கிடைக்கும் அரசு மருத்துவமனையின் பெயர். ஊகிக்காதீர்கள். ஒரு நாள் நேரில் போய்க் கேளுங்கள்: 'மருந்து எப்போதும் இருப்பில் இருக்குமா, இரவில் டாக்டர் இருப்பாரா, மூச்சுத் திணறினால் செயற்கை சுவாசக் கருவி இருக்கிறதா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்?' அதற்குக் கீழே 108.

அப்புறம் செய்ய வேண்டியவை. கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். கடிபட்ட கையிலோ காலிலோ உள்ள மோதிரம், வளையல், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கினால் அவை அறுத்துவிடும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல ஒரு கட்டையை வைத்து, இறுக்காமல் துணியைச் சுற்றி அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். வாந்தி வந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஆம்புலன்ஸ் தாமதமானால் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொள்பவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகலாம்.

செய்யக் கூடாதவை: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, பச்சிலை அரைத்துக் கட்டுவது, 'மிளகாய் காரமாக இருக்கிறதா' என்று தின்னக் கொடுத்துப் பார்ப்பது. மந்திரிக்கப் போகும் அரை மணி நேரத்தில் ஓர் உயிர் போகலாம். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவும் வேண்டாம். நம் நாட்டில் அதிகம் கடிக்கும் நான்கு நச்சுப் பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். டாக்டர்கள் அறிகுறியையும் ரத்தம் உறைகிறதா என்பதையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள். சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். அது உறையாவிட்டால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். கடித்தவை எல்லாம் விஷம் இறங்கிய கடியும் அல்ல. நச்சுப் பாம்பே விஷம் செலுத்தாமல் கடிப்பது உண்டு. அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது என்பதால்தான் உடனே போகச் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக அரசு அறிவித்தது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, பாம்புக்கடி என்று வந்தவர்களின் கணக்கைக் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் மருந்து அதிகம் வேண்டும் என்று தெரிந்து அனுப்ப இது உதவும்.

படி 3: எட்டுப் பாம்புகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க உட்கார்ந்தால் பயம் கூடும். நான்கு நச்சுப் பாம்புகள், நான்கு சாதுவானவை போதும். படம் பார்க்கவே முடியாது என்றால் இந்தப் படியைத் தாண்டி 6-ஆம் படிக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வாருங்கள்.

நல்ல பாம்பு: படமெடுத்தால் பின்பக்கம் மூக்குக்கண்ணாடி போன்ற குறி. படமெடுக்காதபோதுதான் குழப்பம் வரும்.

கட்டு விரியன்: பளபளக்கும் கறுப்பு, மேலே மெல்லிய வெள்ளை வளையங்கள் இரண்டிரண்டாக. இரவில்தான் நடமாடும். இதன் கடி பல சமயம் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. இரவில் தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கண் இமையைத் தூக்க முடியாமல் தவித்தால் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

கண்ணாடி விரியன்: பருத்த உடம்பு, பழுப்பு நிறம், முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசைப் புள்ளிகள். தொந்தரவு செய்தால் குக்கர் ஆவி விடுவது போல பலமாகச் சீறும். குட்டி போடும் பாம்பு இது. கோடையின் கடைசியிலும் அதற்கடுத்த மாதங்களிலும் சிறு குட்டிகள் தென்படும். குட்டிக்கும் விஷம் உண்டு.

சுருட்டை விரியன்: சிறியது, ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கும். வறண்ட, கல் நிறைந்த இடங்களில் காணலாம். உடலைச் சுருட்டிச் செதிலோடு செதில் உரசிச் 'சரசர' என்று ஒலி எழுப்பும்.

சாதுவானவற்றில் முதலில் சாரை. நல்ல பாம்பு என்று நினைத்து அதிகம் அடிபட்டுச் சாவது இதுதான். சாரைக்குக் கண் பெரியது, கழுத்து தலையைவிட ஒடுங்கியிருக்கும், உதட்டோரம் கறுப்புக் கோடுகள் வரைந்தது போல இருக்கும். பகலில் விரைந்து ஓடும். அடுத்தது தண்ணீர்ப் பாம்பு: உடம்பெல்லாம் சதுரங்கக் கட்டம், கோபக்காரன், கடிக்கும், ஆனால் விஷம் கிடையாது. மூன்றாவது கொம்பேறி மூக்கன். கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்று பாட்டிகள் சொன்ன கதையால் பெயர் கெட்டுப்போன, விஷமே இல்லாத மரப்பாம்பு. நான்காவது ஓநாய்ப் பாம்பு. பல்லியைத் தேடிச் சுவரேறி வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் இதுதான். கட்டு விரியன் என்று நினைத்து வீடே அலறும். வித்தியாசம் பார்க்க ஒரு வழி: ஓநாய்ப் பாம்பின் பட்டைகள் கழுத்துப் பக்கம் தெளிவாகத் தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டு விரியனுக்கு முன்பகுதியில் பட்டை இல்லாமலோ மங்கலாகவோ இருந்து, பின்னால் போகப் போகத் தெளியும். இதைப் படத்தில் பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நேரில் பார்க்கும்போது, சந்தேகமாக இருந்தால் விஷமுள்ளது என்றே எடுத்துக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.

மற்றபடி, பாம்பு பால் குடிக்காது, பழிவாங்கத் தேடி வராது, பச்சைப் பாம்பு கண்ணைக் குறிபார்த்துக் கொத்தாது. சாரையும் நாகமும் பிணைந்து ஆடுகின்றன என்று சொல்வார்களே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் சண்டை. 'ஜோடியில் ஒன்றை அடித்தால் மற்றது வரும்' என்ற பயத்தில் தூங்காமல் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

படி 4: வீட்டு ஓட்டைகளை டார்ச்சால் கண்டுபிடியுங்கள்

இது ஒரே இரவில் முடிகிற வேலை, பயத்தைச் சட்டென்று பாதியாக்குகிற வேலையும் இதுதான். விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு நீங்கள் உள்ளே நில்லுங்கள். வீட்டில் ஒருவர் வெளியே வாசல், திண்ணை, முடிந்தால் கொல்லைப்பக்கச் சிமெண்ட் தரையில் நின்று கதவின் அடியிலும் சுவர் ஓரத்திலும் டார்ச் அடிக்கட்டும். உள்ளிருந்து பார்த்தால் கதவுக்குக் கீழே கீற்றாக வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் உங்கள் சுண்டுவிரல் நுழைந்தால் ஒரு சிறு பாம்பும் நுழையும். பெரும்பாலான வீடுகளில் சமையலறைக் கொல்லைக் கதவின் மூலையில்தான், மழையில் மரம் உப்பிச் சீவிவிட்ட இடத்தில், பெரிய இடைவெளி இருக்கும். சாக்பீஸால் அங்கங்கே குறி போட்டு வையுங்கள்.

மறுநாள் கதவடியில் ரப்பர் பட்டை அடியுங்கள். ஏசி குழாய், கேபிள், வாஷிங் மெஷின் தண்ணீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தைச் சிமெண்ட் வைத்து மூடுங்கள். பாத்ரூம், சமையலறை, கொல்லை நடை ஆகியவற்றின் கழிவுநீர் வழிகளுக்குச் சல்லடை மூடி போடுங்கள், உடைந்த மூடி இருந்தால் மாற்றுங்கள். செப்டிக் டேங்க் காற்றுக் குழாயின் வாயில் கம்பி வலை கட்டுங்கள். ஜன்னலைத் தொடும் கிளை, கூரை மேல் சாயும் கொடி இரண்டையும் வெட்டுங்கள்.

படி 5: தோட்டத்தில் எலிக்கும் தவளைக்கும் விருந்து வைக்காதீர்கள்

பாம்பு உங்களைத் தேடி வரவில்லை, எலியைத் தேடி வருகிறது. கோழித் தீவனம், நாய்க்கு வைத்த சோறு, மூடாத குப்பை, மூட்டை நெல், இவை எலியை வரவழைக்கும். சொட்டுகிற குழாயடி தவளையை வரவழைக்கும். வாசலில் இரவெல்லாம் எரியும் விளக்கு பூச்சியையும், பூச்சி பல்லியையும், பல்லி ஓநாய்ப் பாம்பையும் கூட்டி வரும். சாப்பாட்டை நிறுத்துங்கள், பிறகு ஒளிந்துகொள்ளும் இடத்தை எடுங்கள்.

வீடு கட்டி மிஞ்சிய செங்கல், ஓடு, தென்னை மட்டை, கீற்று, விறகு, இவை சுவரோரமாகக் குவிந்து கிடக்கும். 'அப்புறம் தேவைப்படும்' என்று ஐந்து வருடமாக வைத்திருப்பார்கள். தேவைப்படாததை விற்றுவிடுங்கள். விறகு வேண்டும் என்றால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பலகை போட்டு, சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல் இல்லாமல் வெறும் தரையாக வைத்தால் எது போனாலும் தெரியும்.

குவியலை எடுக்கும் நாளில் கவனம் வேண்டும். நல்ல பகல் வெளிச்சத்தில், பூட்ஸும் கெட்டியான கையுறையும் போட்டு, நீளமான கழியால் முதலில் கிளறிவிட்டு, வீட்டுச் சுவர்ப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே எது இருந்தாலும் வேலிப்பக்கம் ஓடும், வீட்டுப்பக்கம் வராது. கையை நேரடியாகக் குவியலுக்குள் விடவே கூடாது. எலி வளைகளை மண் போட்டு அடைக்கும் முன் கொஞ்ச நாள் திறந்தே வைத்துக் கவனியுங்கள். உள்ளே உயிர் இருக்கும்போது அடைத்தால் வேறு பக்கம் தோண்டி வெளியே வரும்.

வேலிக்கு நைலான் மீன்வலை கட்டும் பழக்கம் இப்போது நிறைய இருக்கிறது. பாம்பு அதில் மாட்டிக்கொண்டால் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. உயிரோடு, கோபத்தோடு, உங்கள் கீரைப்பாத்திக்குப் பக்கத்தில் கிடக்கும். பசை தடவிய எலி அட்டையும் அப்படித்தான். இரண்டும் வேண்டாம்.

பழக்கங்கள் சில. கட்டிலில் படுங்கள். தரையில்தான் படுப்பீர்கள் என்றால் கொசுவலையைக் கட்டி அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டு விரியனுக்கு இதைவிடச் சிறந்த தடுப்பு கிடையாது. இரவில் கொல்லைக்குப் போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம், போனில் உள்ள விளக்கைவிட டார்ச் நல்லது. மழைக்காலத்தில் ஷூ, ஹெல்மெட், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடிப்பகுதி மூன்றையும் தட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வளைகளில் தண்ணீர் நிரம்பும்போது பாம்புகள் மேடான இடம் தேடும். உங்கள் திண்ணையும் அவற்றுக்கு ஒரு மேடுதான்.

படி 6: மனதைப் படிப்படியாகப் பழக்குங்கள்

வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகும் சிலருக்குப் பயம் அப்படியே இருக்கும். காரணம் உண்டு. பயந்து விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் உடனே ஒரு நிம்மதி வருகிறது. 'ஓடியதால் தப்பித்தேன்' என்று மனது கணக்கு எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக ஓடச் சொல்கிறது. இதை மாற்ற, தாங்கக்கூடிய அளவிலிருந்து தொடங்கி, ஓடாமல் இருந்து பழக வேண்டும். ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் 1950-களில் இந்த முறைக்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். 1969-இல் ஆல்பர்ட் பந்துராவும் அவருடன் இருந்தவர்களும் பாம்புக்குப் பயந்தவர்களை வைத்தே ஆய்வு செய்து, பயமில்லாத ஒருவர் செய்து காட்ட, பயந்தவரும் கூடவே சிறிது சிறிதாகச் செய்து பழகினால் பயம் அதிகம் குறைகிறது என்று காட்டினார்கள். ஆகவே முடிந்தால் பொறுமையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேலி செய்பவர் வேண்டாம்.

நோட்டில் ஏணி வரையுங்கள். ஒவ்வொரு படிக்கும் பக்கத்தில் பயத்துக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். எங்கள் அத்தைக்குப் போட்ட ஏணி இது:

பெயரை வாய்விட்டுச் சொல்வது. (இரவில் பெயர் சொல்லக் கூடாது, 'பூச்சி' என்றே சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவர் அவர். அதனால் இதுவே 3.)

பேரக் குழந்தை வரைந்த கோட்டுப் படம். சின்னக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம். போனில் முழுத்திரை வண்ணப் படம். ஒலியில்லாத வீடியோ. ஒலியோடு வீடியோ. வேலியில் கிடக்கும் பாம்புச் சட்டையைத் தள்ளி நின்று பார்ப்பது. அதைக் கழியால் தொடுவது. கண்ணாடிக்குப் பின்னால் உயிருள்ள பாம்பைப் பார்ப்பது. இருட்டிய பிறகு டார்ச்சோடு கொல்லைக்குப் போய்த் துணி எடுத்து வருவது.

ஒரு படியில் இருக்கும்போது பயத்தின் எண் ஏறும். ஏறட்டும். அது தானாகப் பாதியாக இறங்கும் வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது மட்டும் நிறுத்தாதீர்கள், அப்படி நிறுத்தினால் பழைய கணக்குதான் மீண்டும் எழுதப்படும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை மெதுவாக்குங்கள். ஒரே படியை அடுத்தடுத்த நாட்களில் செய்யுங்கள். எண் 2, 3 என்று சலித்துப்போன பிறகு மேலே ஏறுங்கள்.

அத்தை முழுத்திரைப் படத்துக்கு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. போனின் இரண்டு ஓரத்தையும் விரல் நுனியால் பிடித்து, கையை நீட்டித் தள்ளி வைத்திருந்தார். கட்டைவிரல் திரையில் படவே கூடாது என்பதில் அவ்வளவு கவனம். 'எட்டு' என்றார். படத்தில் சாரை. நான் எதுவும் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, 'இதுக்குக் கண்ணு இவ்ளோ பெருசா இருக்கு!' என்றார். அப்புறம் உதட்டுக் கோட்டைக் கேட்டார். கேட்டுக்கொண்டே முழங்கை மடங்கி, போன் பக்கத்தில் வந்துவிட்டது. எண் கேட்டபோது 'நாலு இருக்கும்' என்றார். விவரம் பார்க்கத் தொடங்கும்போது பயம் இறங்குவதை அன்று கண்ணெதிரே பார்த்தேன். அதனால்தான் 3-ஆம் படியில் உதட்டுக் கோடு, பட்டை என்றெல்லாம் அவ்வளவு எழுதினேன்.

உயிருள்ள பாம்பைப் பார்க்கச் சென்னைக் கிண்டியில் பாம்புப் பண்ணை இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இலிருந்து இயங்குகிறது. நான்கு நச்சுப் பாம்புகளையும் மண்பானைகளில் வைத்து, விஷம் எடுத்துக் காட்டுவார்கள். நம் உயிரைக் காக்கும் மருந்து தயாரிக்க அந்த விஷம்தான் போகிறது. சில வாரங்கள் வைத்திருந்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பயந்த ஒருவருக்கு அந்த இடத்தை ஏணியின் மேல்படியாக வைக்க நான் தயங்க மாட்டேன். அவர்கள் கையின் நிதானத்தைப் பார்ப்பதே ஒரு பாடம். போவதற்கு முன் திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்காரணம் கொண்டும் பயம் தெளிவதற்காக ஒரு காட்டுப் பாம்பைத் தொட்டுப் பார்க்காதீர்கள். சாரை என்று யாராவது அடித்துச் சொன்னாலும் வேண்டாம்.

படி 7: பாம்பைப் பார்த்தால், ஒத்திகை பார்த்த மாதிரி நடந்துகொள்ளுங்கள்

நம் கண் சுருண்ட, வளைந்த உருவத்தை மற்றவற்றைவிட வேகமாகப் பிடித்துவிடும். கயிறு, பெல்ட், குழாய் எல்லாம் முதல் நொடியில் பாம்பாகத் தெரிவது அதனால்தான். அந்த நொடியில் உடம்பு துள்ளுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அடுத்த நொடியில் என்ன செய்வது என்பதைத்தான் பழக வேண்டும்.

நில்லுங்கள். பார்த்துக்கொண்டே பின்னால் வாருங்கள். குறைந்தது ஆறடியாவது தள்ளி நில்லுங்கள். பாம்பு எட்டிக் கொத்துவது பெரும்பாலும் அதன் நீளத்தில் பாதி தூரத்துக்குள்தான் இருக்கும். தோட்டத்தில் என்றால் அதைப் போகவிடுங்கள், அவ்வளவுதான். வீட்டுக்குள் என்றால் குழந்தைகளையும் நாயையும் வேறு அறைக்கு அனுப்புங்கள், பாம்பு இருக்கும் அறையின் உள்கதவை மூடி அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடையுங்கள். வெளிக்கதவு இருந்தால் திறந்துவிடுங்கள். 101 அல்லது 112-க்கு அழைத்தால் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடிப்பார்கள். பகுதி வனத்துறை அலுவலகத்தின் எண்ணை முன்பே வாங்கி அந்த ஃபிரிட்ஜ் தாளில் எழுதி வையுங்கள். ஆள் வரும் வரை ஒருவர் தூரத்தில் நின்று பாம்பைக் கண்ணால் தொடர்ந்தால் போதும்.

அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போகும்போதும் பிடிக்கப் போகும்போதும்தான் பலர் கடி வாங்குகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட.

பாம்பு எங்கே போனது என்றே தெரியாமல் போகும் இரவுதான் கடினமானது. அறை அறையாக, பொருளை நகர்த்தி, வெளிச்சத்தில் பார்த்து, பார்த்த அறையை மூடிக்கொண்டே வாருங்கள். சந்தேகம் தீராத அறையின் வாசலில் கோலமாவை மெல்லியதாகத் தூவிக் கதவைச் சாத்துங்கள். காலையில் மாவு கலையாமல் இருந்தால் அந்த வழியாக எதுவும் போகவில்லை. தடம் இருந்தால் எந்தப் பக்கம் போனது என்று தெரியும்.

குழந்தைகளுக்கு மூன்றே சொல் பழக்குங்கள்: நில், பின்னால் வா, பெரியவரிடம் சொல். பாம்பைக் காட்டி மிரட்டிச் சோறு ஊட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தை பாம்பைவிட நீங்கள் அலறுவதைப் பார்த்துத்தான் பயம் கற்றுக்கொள்கிறது.

இவ்வளவு செய்தும் குறையவில்லையா?

படத்தைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது, தூக்கம் போய்விட்டது, பல மாதங்களாக வீட்டின் ஒரு பகுதிக்கே போவதில்லை என்றால் தனியாகப் போராட வேண்டாம். இது மனநல மருத்துவர்களும் உளவியல் ஆலோசகர்களும் நன்றாகக் குணப்படுத்தக்கூடிய பயங்களில் ஒன்று. 6-ஆம் படியில் உள்ளதையே அவர்கள் உங்களுக்கு ஏற்ற வேகத்தில் கூட இருந்து செய்ய வைப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். பேசும்போது 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று பொதுவாகச் சொல்வதைவிட, முதல் படியில் நோட்டின் வலது பக்கத்தில் எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று அவர்கள் அதைக் கேட்டே முடிவு செய்வார்கள்.